கோணல் நிலா

பிஜென் ஊர்க் குயவர் டெட்சுஜியின் கடையில் ஒரு தட்டைக் கையில் எடுத்த தேநீர்ச் சடங்கு ஆசான் குராமோத்தோ, அதைக் கீழே வைக்கவே இல்லை.

"தட்டு முழுக்கச் சூளைச் சாம்பல் படிஞ்சிருக்கு. நடுவுல மட்டும் நிலா மாதிரி இந்த வெறும் இடம்! தட்டோட உயிரே அதுலதான்ப்பா இருக்கு."

"மேல எதையாவது வச்சுச் சுட்டா, அங்க சாம்பல் படாதுங்க ஐயா," என்றார் டெட்சுஜி.

"அது எனக்குத் தெரியாதா? எல்லாரும் வட்டமா மண் வில்லை வைப்பாங்க. நீ கோணலா ஒண்ணை வச்சே பாரு, அது துணிச்சல்! அதையே வச்சு இன்னொண்ணு சுட்டுக் கொடு. இதை நான் எடுத்துக்கறேன்."

டெட்சுஜியின் மனைவி சாயோகோ கணவரைப் பார்த்தாள். அது விற்கிற தட்டில்லை. மற்றவற்றோடு தவறிக் கடைக்கு வந்துவிட்டது. ஊரே வணங்கும் ஆசானிடம் இல்லையென்று சொல்ல டெட்சுஜியால் முடியவில்லை. சுற்றிக் கொடுக்கக் காகிதத்தை எடுத்தார்.

அவள் உள்ளே போனாள். பூஜை மாடத்துப் படத்தில் மகள் மிஹோ சிரித்தாள். ஐந்து வயதோடு நின்றுபோன சிரிப்பு. படத்தின் முன்னால், குழந்தை முதலும் கடைசியுமாகப் பிசைய, அப்பா அந்தத் தட்டின்மேல் வைத்துச் சுட்ட கோணல் கிண்ணம். காலையில் ஊற்றிய தேநீர் அதில் ஆறிக் கிடந்தது.

வெளியே, தட்டைக் காகிதத்தில் சுற்றும் சத்தம் கேட்டது.