பாலத்தடிச் சிவப்பு

வந்திருந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒரு காரைத் திருடினார்.

கண்ணாடியை உடைத்தார், உள்ளே இருந்தவனை இழுத்துத் தெருவில் தள்ளினார், கிளம்பினார். எல்லாம் உள்ளங்கை அகலத் திரையில்.

மேசையைச் சுற்றி நின்ற ஆறு பேரில் ஒருத்தியை அலுவலகத்தில் கத்தரி என்று கூப்பிடுவார்கள். வெட்டுவது அவள் வேலை.

பெரிய திரைக்காக யாரோ கட்டிய திருட்டு விளையாட்டு அது. ஒரு முழு நகரம், துறைமுகம், பாலங்கள், துரத்துகிற போலீஸ், ஆயிரம் வண்டிகள். அதைக் கையடக்கக் கருவிக்குள் கொண்டுவருவது யானையைப் பானைக்குள் உட்காரவைக்கிற மாதிரி. பதினான்கு மாதம் வெட்டினாள். மரங்களில் இலையைக் குறைத்தாள், ஜன்னல்களுக்குப் பின்னால் இருந்த அறைகளை எடுத்தாள். ஆனால் ஒரு தெருவைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகக்கூடாது என்று டீம் லீடரிடமே சண்டை போட்டாள்.

விளையாட்டின் சொந்தக்காரக் கம்பெனி அனுப்பிய இந்த அம்மாள் சரி என்றால் அது கடைக்குப் போகும். இல்லையென்றால் வேலை வேறு கம்பெனிக்கு. பதினான்கு மாதமும் நீர்மேல் எழுத்து.

அம்மாள் சந்தைத் தெருவைக் கடந்து பாலத்தடிக்கு வந்தார். கப்பலுக்கு வழிவிடப் பாலம் மேலே தூக்கிக்கொண்டது. சிக்னலில் சிவப்பு. இது ஏழு நிமிடச் சிவப்பு.

விளையாடுகிற எவனும் இங்கே நிற்க மாட்டான். தூக்கிய பாலத்தில் ஏறித் தாண்டுவதுதான் குஷியே.

அம்மாள் நின்றார். கருவியை மேசையில் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

டீம் லீடர் பதறிப்போய்க் கத்தரியைப் பார்த்தார். அவள் பதறவில்லை.

பதினைந்து நாள் முன்னால் என்றால் கதையே வேறு. நகரம் முழுவதையும் கருவி ஒரே நேரத்தில் தாங்காது. முன்னால் தெரிகிற தெருக்கள் மட்டும் இருக்கும். சக்கரம் உருள உருளப் பின்னால் உள்ளது அழியும். அது அவள் கண்டுபிடித்த வழி. சக்கரம் உருளாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் நினைத்துப்பார்க்கவில்லை. வண்டிகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், எதுவும் அழியாது. மூன்றாவது நிமிடம் தொண்டை அடைத்து, திரை அப்படியே உறைந்துவிடும்.

பதினோரு டெஸ்டர்கள் இரண்டு மாதம் விளையாடியும் இது சிக்கவில்லை. எல்லோரும் வாலில் தீ வைத்தாற்போல ஓட்டினார்கள். திருட்டு விளையாட்டில் பச்சைக்கு யார் காத்திருப்பார்கள்?

கத்தரியின் அப்பா காத்திருந்தார்.

அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன கருவியை அவர் கையில் கொடுத்தாள். அப்பா ஒரு காரை எடுத்தார், இடதும் வலதும் பார்த்து ஓட்டினார், பாலத்தடியில் நின்றார். போலீஸ் துரத்தவில்லையே, எதற்கு நிற்கிறாய் என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்தது. தான்தான் பொருளைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து, அவர் அதை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அவளோ அவரைக் கட்டிக்கொண்டாள்.

ஏன் நின்றார் என்பதை அப்புறம்தான் சொன்னார். அதை அவள் அலுவலகத்தில் சொல்லவில்லை.

மீதியைச் சொன்னதற்கே டீம் லீடர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். திருட்டு விளையாட்டில்கூடச் சட்டத்தை மீறாத மனுஷன், சாமி மாதிரி ஆள் என்றார். அவள் சிரித்து வைத்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம். அப்பா என்ன வேலை என்று யார் கேட்டாலும், வண்டி சம்பந்தமான வேலை என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அவள் கெட்டிக்காரி.

மேசைமேல் மூன்றாவது நிமிடம் போயிற்று. நான்காவதும் போயிற்று. பாலத்தடியில் வண்டிகள் முட்டிமோதி நின்றன. திரை உறையவில்லை. இப்போது சக்கரத்தை நம்பாமல் கடிகாரத்தை வைத்து அழிக்கிறாள்.

அம்மாள் நிமிர்ந்தார். உங்களுக்கு முன்னால் இரண்டு கம்பெனிகள் இதைச் செய்து பார்த்தன, இரண்டும் இதே இடத்தில்தான் செத்தன, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்றார். பிறகு, கடைக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

அறை கைதட்டியது. கத்தரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டில் இருக்கிற மனுஷனிடம் இப்போதே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இதை யார் கண்டுபிடித்தது என்று அம்மாள் கேட்டார். டீம் லீடர் முந்திக்கொண்டு, இவள் அப்பாவின் கதையை உப்பும் காரமும் சேர்த்து அவிழ்த்துவிட்டார்.

அம்மாள் சிரித்தபடி அவள் பக்கம் திரும்பினார். "அப்பா டிராஃபிக் போலீஸா?"

டீம் லீடர் அவளுக்காகத் தலையை ஆட்டவே தொடங்கிவிட்டார். பழைய பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"இல்ல மேடம், கார் திருடிட்டு இருந்தாரு. திருடுன வண்டிய ஓட்டுறவன் சிவப்புல கண்டிப்பா நிக்கணுமாம், நிக்காதவன்தான் மாட்டுவானாம். எங்கப்பா ஒரே ஒரு தடவ நிக்கல. ஆறு வருஷம் உள்ள இருந்தாரு."

சொன்ன பிறகும் அவள் தலை குனியவில்லை.

மேசைமேல் பாலம் இறங்கியது. பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன.

யாரும் வண்டியை எடுக்கவில்லை.