சார் சொன்னபடி

கதை நேரத்தில் இருந்தவர்கள்: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், கதை சொல்ல வந்த மேரி அக்கா, ஓரமாகத் தணிகாசலம் வாத்தியார்.

தனக்குத்தானே பேசும் ராஜாவின் கதையைப் பாதியில் நிறுத்தி, "இவரை என்னபா செய்யலாம்?" என்றாள் மேரி.

வாத்தியார் முந்திக்கொண்டார். "தனியாப் பேசினா மென்டல். ரூம்ல போட்டுப் பூட்டணும்."

"அபி அம்மாவும் தறியில தனியாப் பேசிக்கினே இருக்குது, சார்!" என்றான் தனுஷ். வகுப்பே சிரித்தது.

"எங்கம்மா மாத்திரை சாப்புடுது," என்றாள் அபி. "அப்பவும் பூட்டணுமா, சார்?"

"யாரா இருந்தாலும் பூட்டணும்."

சாயங்காலம் சாமான் அறையில் வாத்தியார் தனியாக நின்று, சுவரைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நாளை மனநல நாள் விழா.

"மனநோயாளிகளை யாரும் ஒதுக்கக் கூடாது, குழந்தைகளே!"

உள்ளே ஒரு குழந்தையும் இல்லை என்பதை அபி எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு கதவைச் சாத்தி, கொண்டியில் தொங்கிய பூட்டை மாட்டி அழுத்தினாள்.