வெள்ளிக்கிழமை நடக்கும் கோப்பைகள்

பார் அலமாரியின் மூன்றாவது தட்டிலிருந்த கண்ணாடிக் கோப்பைகள் வெள்ளிக்கிழமை மட்டும் நடந்தன.

மற்ற நாட்களில் வைத்த இடத்தில் சமர்த்தாக நின்றன. வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு நடனத்துக்கான பாட்டு தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகரும். ஒன்று விழுந்து நொறுங்கும்.

உணவகம் மாமனாருடையது. பார் மருமகளின் பொறுப்பு.

"இன்னும் ஒண்ணு உடைஞ்சா நீ வாசல்ல நின்னு ஆளுங்கள வரவேற்கப் போயிடும்மா. பாரைச் சின்னவன் பாத்துக்கட்டும்" என்று மாமனார் சொல்லிவிட்டார்.

கோப்பையின் பாதி விளிம்பில் மட்டும் உப்பை ஒற்றுவதும், புதினாவைக் கசக்காமல் உள்ளங்கையில் தட்டிப் போடுவதும் அவளுக்கு உயிர். வாசலில் நின்று சிரிப்பதை நினைத்தாலே வாய் வலித்தது.

தட்டில் துணி விரித்துப் பார்த்தாள். பளபளப்பு போய்விட்டது என்று மாமனார் உருவிவிட்டார். ஸ்பீக்கரை இடம் மாற்றினாள். குளிர்பெட்டியை அணைத்துப் பார்த்தாள். கோப்பைகள் அசரவில்லை, நடந்தன.

இந்த வெள்ளிக்கிழமை ஒரு கோப்பையில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி அதே தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

கூட்டம் அள்ளியது. மேசைக்கு மேசை மீன் டாக்கோ, மிளகாய் தூவிய மாம்பழ சல்சா. சாப்பிடும்போதே ஆட்களின் தோள்கள் தாளம் போட்டன. டிரம்பெட் காதைப் பிளந்தது. தண்ணீர் அசையவில்லை.

நடனத் தரையில் கால்கள் விழ ஆரம்பித்ததும் வளையம் வளையமாக அலை எழுந்தது.

ஆக, குற்றவாளி பாட்டு அல்ல, கால்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நடனத் தரைக்கு அடியில் ஓடும் நீளமான உத்தரத்தின் மேல்தான் பாரும் நிற்கிறது. உத்தரம் நடுவில்தான் அதிகம் வளையும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளத் தள்ள உயரம் கூடுவதைப்போல, தாளம் தவறாமல் மிதிக்க மிதிக்க ஆட்டமும் கூடும்.

தரையின் நட்டநடுவில் யார் என்று எட்டிப் பார்த்தாள்.

மாமனார். ஏறக்குறைய நூறு கிலோ. காலில் பளபளக்கும் சப்பாத்து. கையில் சுழலும் மாமியார்.

இதை அவரிடம் யார் சொல்வது? அதற்குப் பேசாமல் வாசலுக்கே போய்விடலாம்.

பாட்டின் இடைவெளியில் எலுமிச்சைச் சாறு கேட்டு வந்தார் மாமியார். "என்னம்மா, தண்ணிய இப்படி முறைச்சுட்டு நிக்கிற?"

மென்று விழுங்கியபடி எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு கோப்பைகளின் மேல் ஓர் உறிஞ்சுகுழலைப் பாலம்போல வைத்துக் காட்டினாள். மாமியார் விரலால் நடுவில் அழுத்தினார், வளைந்தது. ஓரத்தில் அழுத்தினார், வளையவில்லை.

மாமியாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அவர்கிட்ட மூச்சு விட்றாத. முப்பது வருஷமா என்னைச் சுத்தி விடுறது தான்தான்னு நெனச்சிட்டிருக்காரு மனுஷன்."

அடுத்த பாட்டில் மாமியார் அவர் தோளில் கையை வைத்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் நூறு கிலோவும் சுவரோரம் போய்ச் சேர்ந்தது.

உத்தரம் சுவரில் ஊன்றியிருக்கும் இடத்தில் எவ்வளவு மிதித்தாலும் அது வளையாது.