கெட்டிலின் சிவப்புப் பிடி

உலைக்கூடத்து வாசலில் குவிந்து கிடந்த பழைய பாத்திரங்களின் உச்சியில் ஓர் அலுமினியக் கெட்டில், உருகிய பிறகு என்னவாகப் பிறப்போம் என்று பாதி உறக்கத்தில் கனவு கண்டுகொண்டிருந்தது. அதன் சிவப்பு பிளாஸ்டிக் பிடி மட்டும் இன்னும் புதிதுபோல் மின்னியது.

புகைபோக்கிக்குப் பக்கத்து மரத்திலிருந்து ஒரு மைனா இறங்கி வந்தது.

"அண்ணே, அந்தப் பிடியோடவா உள்ளே போகப் போறீங்க?"

"ஏன்? என்கிட்ட அழகுன்னு மிச்சமிருக்கிறது இது ஒண்ணுதான்."

"நேத்து ஒரு வாளி இப்படித்தான் பிளாஸ்டிக்கோட போச்சு. கரும்புகை வந்து கூட்டையே மூடிடுச்சு. என் குஞ்சுங்க இருமி இருமித் துவண்டுடுச்சுங்க. இன்னும் கண்ணே திறக்கலை, அண்ணே."

கெட்டில் தன் சிவப்புப் பிடியை ஒருமுறை பார்த்துக்கொண்டது. பிறகு குவியலின் விளிம்புக்கு நகர்ந்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு உருண்டது. கீழே கருங்கல்லில் மோதியதும் பிடி தெறித்து விழுந்தது. உடம்பெல்லாம் வலித்தது. பின்னர் அதை எடுத்து உலைக்குள் போட்டார்கள்.

"சுத்தமா வந்திருக்கே. உனக்குக் கொஞ்சம் தீயே போதும்" என்றது உலை.

கெட்டில் மெல்ல இளகியது. வெள்ளி நிறத் தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது. தான் யார் என்பதே மறந்துபோகும் நேரத்தில், புகைபோக்கி வழியாக ஒரு சத்தம் இறங்கி வந்தது. குஞ்சுகள் இருமவில்லை, பசிக்கிறது என்று அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.