முதலாம் ஆட்டக்காரன்

லினக்ஸ் என்னும் மென்பொருளில் இயங்கும் கையடக்க விளையாட்டுக் கருவியொன்றைத் தொலைக்காட்சியோடு இணைத்து மேசைமேல் நிறுத்தினார்கள். எட்ட அமர்ந்து ஆடுவதற்காக, கையில் பிடித்து இயக்கும் புதிய கன்ட்ரோலர் ஒன்று வந்து சேர்ந்தது. கருவியோடு உடன்பிறந்த பொத்தானுக்கு அது பொறுக்கவில்லை.

"நேற்று முளைத்த பயலே! முதலாம் ஆட்டக்காரன் நான். நீ இரண்டாமவனாக நில்!" என்று சீறியது.

"அண்ணே, விரல்களெல்லாம் என்மேல் அல்லவா இருக்கின்றன? திரையிலுள்ள வீரனோ முதலாம் ஆட்டக்காரன் சொல்லைத்தான் கேட்பான். அரக்கன் வருகிறான், இடம் விடுங்கள்!" என்று கெஞ்சியது கன்ட்ரோலர்.

"வரட்டுமே! அதற்காக என் இடத்தை விட்டுக்கொடுப்பேனா?"

தொடுவார் இல்லாத பொத்தான் விறைத்து நின்றது. வீரனும் அப்படியே நின்றான். அரக்கனின் ஒரே அடியில் சுருண்டு விழுந்தான்.

பொத்தானுக்குக் கோபம் தலைக்கேறியது.

"பார்த்தாயா? உன்னிடம் கொடுத்திருந்தால் இவன் கதி என்ன ஆகியிருக்கும்!"