எட்டு போதும்

பால் பொங்க நான்கு நிமிடம். குளிக்க ஏழு. சட்டை தேய்க்க ஐந்து.

நினைத்த நேரமும் ஆன நேரமும் ஒன்றாக இருந்தன. இப்போதெல்லாம் தினமும் அப்படித்தான். ஓர் ஆள்தானே.

ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருந்தான்.

ஒன்பது பத்துக்கு மேனேஜர் பிரபுராம் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்பது நாளாக எல்லோரும் அவனிடம் பேசும் அந்தத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அந்த ரிப்போர்ட் வேலை இன்னும் திறந்தே கெடக்குதுங்க. கிளையண்ட் கேட்டுட்டே இருக்காங்க. மிச்சத்த நாங்க முடிச்சுட்டோம். தாட்சாயணி பேர்ல ஒரு சப்டாஸ்க் மட்டும் நிக்குது. எட்டு மணி நேரம்னு போட்டு மூடிருங்க. நானே மூடியிருப்பேன். வீட்டுக்காரர் நீங்க மூடுனா முறையா இருக்கும்னு பார்த்தேன்."

முறை.

திரையில் அவள் பெயர் இருந்தது. அதற்கு நேராக, மதிப்பிட்ட நேரம்: எட்டு. ஆன நேரம்: காலி.

அவள் எட்டு என்று சொல்லவில்லை.

இருபத்து நான்கு என்றாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில். ஒவ்வொருவரும் தன் வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டும். டீம் லீடர் எழுதிக்கொள்வார்.

டீம் லீடர் அவன்.

"வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் மூணு நாளா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "நாங்களும் ரசம் வெச்சுக் குடுத்தா கெடைக்குங்களாண்ணா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்.

"எட்டு போதும்" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்து எட்டு என்று குறித்துக்கொண்டாள்.

அங்கே யாரும் மதிப்பிட்டதைத் தாண்டி எழுதுவதில்லை. தாண்டினால் கட்டம் சிவப்பாகும். சிவப்பானால் வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். அதனால் முதலில் சொன்ன எண்ணையே கடைசியிலும் எழுதுவார்கள். மிச்ச நேரம் அவரவர் வீட்டிலிருந்து போகும்.

அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்று அவனுக்குத் தெரியும். வேலையைக் கணினியில் சேமித்த ஒவ்வொரு முறைக்கும் மணி பதிந்திருந்தது. காரியம் முடிந்த மறுநாளே கூட்டிப் பார்த்துவிட்டான்.

முப்பத்தொன்று.

கூட்டம் நடந்த அன்று மாலையே அவளுக்குக் காய்ச்சல். அத்தனையும் வீட்டில் இருந்தபடி.

நான்காம் நாள், வியாழக்கிழமை காலை, காய்ச்சல் விட்டது. இருவருக்கும் நிம்மதி. டெங்கு, காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆளைச் சாய்க்கும் என்று டாக்டர் சொன்னார். அதைச் சொன்னபோது இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று அவள் கடைசியாகச் சேமித்தது பகல் பதினொன்று இருபதுக்கு. அவன் வீடு திரும்பியது மாலை ஏழுக்கு.

"எட்டுதானுங்க" என்றார் பிரபுராம். "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

எட்டு என்று மூடினால், அவன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

31 என்று அடித்தான்.

கட்டம் சிவந்தது.

"என்ன பண்றீங்க?"

பிரபுராமின் கை மவுஸுக்கு வந்தது. தட்டிவிட்டான். ஓங்கியே தட்டிவிட்டான். பக்கத்து வரிசையில் இரண்டு தலைகள் எழுந்து, உடனே தாழ்ந்தன.

அவர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை இதுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான்."

"உங்க கோவம் எனக்குப் புரியுதுங்க."

அவருக்குப் புரியவில்லை.

கூடுதல் நேரத்துக்குக் காரணம் கேட்டது திரை. எழுதாமல் விடாது.

முதல் வரியில் நேரத்தை வெட்டியவன் பெயரை எழுதினான். தன் பெயர். இனிஷியலோடு.

இரண்டாவது வரி ஆங்கிலத்தில் வரவில்லை. அந்தப் பெட்டியில் அதுவரை யாரும் தமிழில் எழுதியதில்லை. எழுதினான். அந்த வியாழக்கிழமை காலை அவன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், அவள் கடைசியாகச் சொன்னதை.

"வெளிய பூட்டிட்டுப் போயிடுப்பா. யாராச்சும் பெல் அடிச்சா எந்திரிச்சுப் போகக்கூட நேரமில்ல."