பீடத்துக்கு முதுகு

"பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பாடுறியே, இது கோவிலா, ஓட்டல் மேடையா?"

மாதா கோவில் பங்குப் பேரவைச் செயலாளர் ஞானமுத்து மேசையைத் தட்டினார். பாட்டுக்குழுத் தலைவி ஆக்ஸிலியா எதிரே அசையாமல் நின்றாள். எட்டு மாதமாக அவள் பூசையில் சனங்கள் பக்கம் திரும்பி நின்றுதான் பாடுகிறாள்.

"மேடையில பாடுனா கை தட்டுவாங்க அங்கிள். இங்க நீங்க மேசையத்தான் தட்டுறீங்க."

பொருளாளர் அமல் சிரித்துவிட்டார். செயலாளர் முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஆண்டவரைப் பார்த்துப் பாட உனக்கு என்ன கேடு?"

"தெனமும் வெள்ளனே அஞ்சு மணிக்கு வந்து, ஒரு மணி நேரம் வாயே தெறக்காம அவரை மட்டும்தான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்ப பேரவையில ஒருத்தரையும் இந்தப் பக்கம் காணோம்."

"அதுக்காக?"

"மோசேயும் மலைமேல கடவுளைப் பார்த்தாரு. முகம் பிரகாசமாச்சு. அப்புறம் சனங்ககிட்ட எறங்கித்தானே வந்தாரு? முதுகைக் காட்டாம எப்படி எறங்குவாரு? பின்பக்கமாவே நடந்தாரா?"

"வியாக்கியானம் வேணாம். பழையபடி திரும்பி நின்னு பாடு. இல்ல, காரணத்தைச் சொல்லு."

"ரெண்டும் முடியாது. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வேணும்னா ஒரு ஞாயிறு கடைசி பெஞ்சுல வந்து உக்காருங்க. உங்களுக்கே தெரியும்."

"கடைசி பெஞ்சா? இருபது வருசமா நான் முதல் பெஞ்சும்மா!"

"தெரியும் அங்கிள். அதான் சொல்றேன்."

அன்றே தீர்மானம் எழுதிவிட்டார்கள். பாட்டுக்குழுவிலிருந்து ஆக்ஸிலியா நீக்கம். ஞாயிறு பூசை முடிவில் செயலாளர் வாசிப்பார்.

அந்த ஞாயிறு பார்த்து, ஒட்டன்சத்திரத்தில் கேரட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய ஞானமுத்துவின் வேன் வடகவுஞ்சி அருகே மலைப்பாதையில் பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டது. நேரமாகும் என்று ஃபாதரிடம் சொல்லச் சொல்வதற்காக மனைவி அருள்மேரிக்குப் போன் போட்டார். மூன்று தடவை. எடுக்கவில்லை.

"வர வர அழுத்தக்காரி ஆயிட்டா," என்றார் டிரைவரிடம். "பின்னாடி நின்னு கூப்பிட்டாலும் திரும்புறதில்ல. புருசன்கிற மரியாதையே போச்சு."

கோவிலுக்குள் நுழையும்போது கடைசிப் பாட்டு தொடங்கியிருந்தது. முதல் பெஞ்சில் இடமில்லை. ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில்தான் ஒதுங்க முடிந்தது. அவருக்குப் பின்னால் காற்று பெரிய கதவைப் படாரென்று அறைந்தது.

மொத்தக் கோவிலும் திரும்பிப் பார்த்தது.

ஒரே ஒரு தலை திரும்பவில்லை. பெண்கள் பக்கம், கடைசி பெஞ்சு, கதவை ஒட்டிய இடம். அருள்மேரி.

அவள் கண் ஆக்ஸிலியாவின் உதட்டிலேயே இருந்தது. ஆக்ஸிலியா ஒவ்வொரு சொல்லையும் வாய் நிறையத் திறந்து, அவளையே பார்த்துப் பாடினாள். ஒரு சொல் பிந்தி அருள்மேரியும் பாடினாள். அங்கே அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த வெளிச்சம் இங்கே இவள் முகத்தில் அப்படியே இருந்தது. வீட்டில் அவர் பார்க்காத முகம்.

எடுக்காத போன். திரும்பாத தலை. எட்டு மாதம். ஒரே வீடு.

"செயலாளர், அறிவிப்பு இருந்தா வாசிங்க," என்றார் ஃபாதர்.

ஞானமுத்து மைக் முன்னால் போய் நின்றார். ஆக்ஸிலியா பாட்டு நோட்டை ஒப்படைக்கத் தயாராகக் கையில் எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சல் ஏதும் இல்லை.

அவர் தீர்மானத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். மைக்கை அணைத்தார். பீடத்துக்கு முதுகைக் காட்டி, கடைசி பெஞ்சைப் பார்த்து, சத்தமே வராமல் உதட்டை மெல்ல, மெல்லத் திறந்தார்.

"ஒண்ணும் கேக்கலியே அண்ணே!" முதல் பெஞ்சிலிருந்து அமல் கத்தினார்.

கடைசி பெஞ்சில் அருள்மேரி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தாள்.